'கேஷ்' என்னும் ஆங்கிலச் சொல்லும் புதுச்சேரிக் காசும்

ஆங்கிலத்திற் புகுந்த தமிழ்ச் சொற்களைத் தொகுத்துரைப்போர் கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் ஆகியவற்றோடு 'கேஷ்' என்பதனையும் ஒருசேர வைத்து, அது 'காசு' என்பதன் திரிபே என முடிப்பர். ஒலியும் பொருளும் ஒருங்கே ஒத்தலின் இம்முடிபு மேடைகளில் எளிதாக வேரூன்றிவிட்டது. ஆயின் ஆங்கிலத்தில் உள்ள 'கேஷ்' ஒன்றன்று, இரண்டு. அவற்றுள் ஒன்றே நமக்குரியது. இவ்வேறுபாட்டினைத் தெளிதற்குச் சென்னையினும் புதுச்சேரியே சிறந்த களம் என்பது ஈண்டு ஆராயப்படும்.

கைப்பணம் என்னும் பொருளில் இன்று உலகெங்கும் வழங்கும் 'கேஷ்', பணம் இடும் பெட்டியையும் முற்காலத்திற் குறித்தது. பெட்டியைக் குறிக்கும் 'காப்சா' என்னும் இலத்தீன் சொல் இத்தாலியத்தில் 'காஸ்ஸா' எனவும் பிரெஞ்சில் 'கேஸ்' எனவும் நின்றது. 1598இல் வெளிவந்த புளோரியோவின் இத்தாலிய ஆங்கில அகராதி, 'காஸ்ஸா' என்பதற்கு வணிகரது 'கேஷ்' என்றே பொருள் வரைகின்றது. பெட்டியின் பெயர் அதனுள் இருக்கும் பணத்திற்கு ஆயிற்று. நம் இலக்கணத்தார் இதனை இடவாகுபெயர் என்பர். இவ்வரலாற்றில் தமிழுக்கு இடமில்லை.

மற்றைய 'கேஷ்' ஒரு சிறு நாணயத்தின் பெயர். அதே 1598இல் ஒல்லாந்தராகிய லின்ஸ்கோட்டனின் பயணநூல் ஆங்கிலத்தில் வந்தது. சுண்டா நாட்டில் வழங்கும் துளையுடைச் செம்பு நாணயம், கயிற்றிற் கோக்கப்படுவது, 'கைஷா' எனப் பெயர் பெறும் என்று அந்நூல் கூறும். இது போர்த்துக்கேயர் வாய்ச்சொல். 'காசு' என்பதனைக் கேட்ட அவர்கள், தம் மொழியிற் பெட்டியைக் குறிக்கும் 'கைஷா' என்னும் சொல்லின் வடிவிலேயே அதனையும் அமைத்துக்கொண்டனர். 1511இல் மலாக்காவைக் கைப்பற்றியவர் கீழைக்கடல் நாடுகளின் சிறு நாணயங்களுக்கும் அப்பெயரை வழங்கினர். மயக்கத்தின் தோற்றுவாய் இதுவே. யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' இவ்விரு சொற்களையும் பிரித்தே காட்டியுள்ளது. அதனை நம்மவருட் பலர் நோக்காதது வியப்பே.

இனித் தமிழ்க் காசின் வரலாறு. குறுந்தொகை 67ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார், கிளியின் அலகிலுள்ள வேப்பம்பழத்திற்குப் பொற்கொல்லன் நகத்திற் பற்றிய காசினை உவமையாக்கினார். அக்காசு அணிகலனிற் கோக்கப்படுவது. கடையிற் கொடுத்து மாற்றுவதன்று. ஆதலின் நிறைப்பெயராகிய 'கர்ஷ' என்னும் வடசொல்லினின்று இதனைப் பிறப்பிப்பார் கூற்று ஐயத்திற்குரியது. அணியின் உறுப்பைக் குறித்த வழக்கை அக்கூற்று விளக்கவில்லை. இராசராசன் (985–1014) காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களில், காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசையாக வருதலைக் காண்கிறோம். அங்கே காசு நாணயமாயிற்று. பின்னர் அதன் மதிப்பு படிப்படியாகத் தாழ்ந்தது. ஆங்கிலக் கும்பினியார் காலத்துச் சென்னையில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். அஃதாவது வராகனில் 3360இல் ஒரு கூறே காசு! யாப்பில் மட்டும் அதன் மதிப்புக் குறையவில்லை. வெண்பாவின் ஈற்றில் இன்றும் வாய்பாடாக நிற்கின்றது.

சென்னையில் ஆங்கிலேயர் தம் பெட்டிப் பணத்தையும் செம்புக் காசையும் ஒரே எழுத்தால் 'கேஷ்' என்றெழுதினர். அதனால் அவர்தம் ஏடுகளைக் கொண்டு இரண்டனையும் பிரித்தல் அரிது. புதுச்சேரியின் நிலை வேறு. ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்புத் தொடங்கிய 1736ஆம் ஆண்டிலேயே, ஆளுநர் துய்மா ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலிகானிடம் ரூபாய் அச்சிடும் உரிமை பெற்றார். ரூபாயன்றி உள்ளூர்ச் சிறு நாணயங்களும் பிரெஞ்சுக்காரரால் அடிக்கப்பட்டன. அவற்றின் பெயர்கள் 'ஃபனோன்', 'டூடூ', 'காஷ்' என்பன. பணம், துட்டு, காசு என்பவற்றின் பிரெஞ்சு வடிவங்கள். எட்டு 'ஃபனோன்' ஒரு ரூபாய். 18ஆம் நூற்றாண்டு 'டூடூ'வின் ஒருபுறம் பிரெஞ்சு அரசரின் அல்லிமலர்ச் சின்னமும் மறுபுறம் ஊர்ப்பெயர் தமிழெழுத்திலும் பொறிக்கப்பட்டிருத்தல் காணலாம்.

இங்கே நோக்கற்பாலது ஒன்றுண்டு. பிரெஞ்சுக் கணக்கர்க்குப் பணப்பெட்டி 'கேஸ்'. அதனுள் இடப்பட்ட சிறு செம்பு 'காஷ்'. எழுத்தும் வேறு, ஒலியும் வேறு. ஆங்கிலத்தில் ஒன்றாய்க் கலந்தவை பிரெஞ்சில் கலவாது நின்றன. 'கேஷ்' முழுவதும் தமிழே என்பார்க்கு இதனினும் வலிய மறுப்பு வேண்டுவதில்லை. நாணயப்பெயரும் தமிழன்று என்று மறுப்பார்க்கும் 'காஷ்' என்னும் வடிவமே விடையாகும். 'கேஷியர்' என்பதற்கு நாம் 'காசாளர்' என வழங்குவது பொருளால் பொருத்தமே. வேர்ச்சொல்லின் வழிநின்றால் 'பெட்டியாளர்' என்றன்றோ கூறவேண்டும்!

'டூடூ' பற்றியும் ஒரு சொல். அதன் மூலமாகிய 'துட்டு', ஒல்லாந்தரின் 'துய்ட்' என்னும் நாணயப் பெயரிலிருந்து வந்தது என்பார் உளர். மேற்குறித்த லின்ஸ்கோட்டனின் நூல், 'கைஷா' என்னும் நாணயத்தின் அளவைக் கூறுங்கால் அதனை அந்தத் 'துய்ட்' நாணயத்தோடுதான் ஒப்பிடுகின்றது.