மூன்றாவது மாடியில் என் வீடு

ஒதுக்கீட்டு ஆணையில் என் பெயர்தான் இருந்தது. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. போலியோ கால்களோடு, கைகளை ஊன்றி, உட்கார்ந்தபடியே படியேறிப் பார்த்தேன். தங்கை தூக்கி வந்த சக்கர நாற்காலி கழிப்பறைக் கதவுக்குள் நுழையவில்லை.

1995ஆம் ஆண்டுச் சட்டம், மாற்றுத்திறனாளிகளுக்குச் சலுகை விலையில் வீட்டுமனை தர முன்னுரிமைத் திட்டங்கள் வகுக்கச் சொன்னது. சாய்தளம் என்று வந்ததும், அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்று இழுத்தது. அந்த இரண்டு பிரிவுகளிலும் பெண் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37ஆவது பிரிவில்தான் நாங்கள் வருகிறோம்: வீட்டுத் திட்டங்களில் 5 விழுக்காடு ஒதுக்கீடு, அதில் பெண்களுக்கு உரிய முன்னுரிமை. எந்தத் தளம் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பதை விதிகளுக்கு விட்டார்கள். 2017இல் வந்த விதியோ சில வழிகாட்டுதல்களைக் கைகாட்டியது. அவை வெறும் பரிந்துரைகள், அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 நவம்பரில். கட்டாய விதிகள் வகுக்க மூன்று மாதம் கொடுத்தது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி அந்த வழக்கைத் தொடுத்தது 2005இல்.

வெளியே போகும் நாட்களில் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியவள் நான். சொந்த வீட்டுக்குள்ளும் அப்படி இருக்க முடியாது. தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறேன். ஆணை பீரோவில் இருக்கிறது.