ஓசூர்த் தொழிற்பேட்டையில் தரச் சோதனையும் பணியூக்கமும்

ஓசூரில் இயங்கும் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் 2002ஆம் ஆண்டு ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. (கிருஷ்ணகிரி மாவட்டம் உருவாகியது 2004இல்தான்.) இது பெரும்பாலும் நிர்வாகத்தின் வெற்றியாகவே எழுதப்படுகிறது, சோதனையாளர் நிலையிலிருந்து நோக்கின் வேறொரு வினா எழுகிறது. டெமிங் 1986ஆம் ஆண்டு நூலில், இறுதிச் சோதனையை நம்பித் தரத்தை எட்டும் வழக்கத்தைக் கைவிட வலியுறுத்தினார்; வேலைத்திறனில் கொள்ளும் பெருமிதத்தைப் பறிக்கும் தடைகளை நீக்கவும் கோரினார். முன்னது சோதனையாளரின் தனி அதிகாரத்தைக் குறைப்பது. பின்னது அவருக்கும் உரியது. இவ்விரண்டுக்கும் இடையிலேயே அவரது ஊக்கம் ஊசலாடுகிறது. சாதனையும் அங்கீகாரமும் ஊக்கம் தருவன என்று 1959இல் ஹெர்ஸ்பெர்க் காட்டினார். சோதனையாளர் தடுத்த பிழையோ எவர் கண்ணிலும் படுவதில்லை. தப்பவிட்டது மட்டும் அவர் பெயரில் பதிவாகிறது. சிப்காட் வளாகத்தின் சோதனை மேசைக்கும், எல்லைக்கு அப்பால் எலக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் சோதிப்போருக்கும் இக்குறை பொது.