தரவை அடுக்குதல்: முறைசார் இலக்கிய மீளாய்வின் வரலாற்றில் சில பக்கங்கள்

ஒரு கேள்வி குறித்து வெளிவந்த ஆய்வுகளை முன்னரே வகுத்த விதிகளின்படி தேடித் திரட்டி, தரம் பார்த்து, தொகுத்துக் கூறுவது முறைசார் இலக்கிய மீளாய்வு எனப்படும். திரட்டிய தரவை எந்த வடிவில் வைப்பது என்பதைக் கடைசி நேர அலங்கார வேலையாகவே மாணவர் பலர் கருதுகின்றனர். மருத்துவ வரலாறு காட்டுவது வேறு.

1904இல் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன், டைஃபாய்டு தடுப்பூசி பலன் தருகிறதா என்பதை ஆராய்ந்தார். தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருந்த பிரிட்டிஷ் படைவீரர்கள் பற்றிய கணக்குகள் அவரிடம் தரப்பட்டிருந்தன. ஒவ்வொரு குழுவின் முடிவையும் ஒரே அளவுகோலுக்கு மாற்றி, பிழை எல்லையுடன் அட்டவணையில் நிறுத்தினார். சராசரி கண்டதோடு அவர் ஓயவில்லை. குழுவுக்குக் குழு முடிவு ஏன் இவ்வளவு மாறுகிறது என்றும் கேட்டார். எண்கள் வரிசையில் நின்றதால்தான் அந்தக் கேள்வி எழுந்தது.

அடுத்த நிகழ்வு நியூசிலாந்தில் தொடங்குகிறது. குறைமாதப் பிரசவம் நேரக்கூடிய தாய்க்கு கார்ட்டிகோஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைந்து முதிர்கிறது என்று ஆக்லாந்தில் லிகின்ஸ், ஹோவி இருவரும் 1972இல் அறிவித்தனர். பிற இடங்களிலும் சோதனைகள் நடந்தன. பல சோதனைகளில் பங்கேற்றோர் தொகை சிறியது. தனித்தனியாகப் படித்தவருக்குப் பலன் உறுதியாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் திரட்டிய மீளாய்வு 1989இல்தான் வந்தது. அதற்குள் பிழைத்திருக்க வேண்டிய பல்லாயிரம் குழந்தைகள் இறந்திருக்கலாம் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது.

1993இல் உருவான காக்ரேன் கூட்டமைப்பின் சின்னத்தில் இந்தச் சோதனைகளில் ஏழு இடம்பெற்றுள்ளன. ஒரு சோதனைக்கு ஒரு கிடைக்கோடு. கோடு நீளமாக இருந்தால் அந்த முடிவில் ஐயம் அதிகம். நடுவிலுள்ள செங்குத்துக் கோடு ‘வேறுபாடு இல்லை’ என்பதைக் குறிக்கும். பெரும்பாலான கிடைக்கோடுகள் அதை வெட்டிச் செல்கின்றன. கீழேயுள்ள சாய்சதுரம், அதாவது ஏழையும் சேர்த்த விடை, பலன் உண்டு என்னும் பக்கத்தில் தெளிவாக விலகி நிற்கிறது. எழுத்தறியாதவருக்கும் விளங்கும் படம் இது.

இவ்வகைப் படத்துக்கு ஃபாரஸ்ட் பிளாட் என்று பெயர். தொடக்க காலப் படங்களில் ஒரு கோளாறு இருந்தது. மிகச் சிறிய, நம்பகம் குறைந்த ஆய்வுக்கே மிக நீளமான கோடு அமைந்ததால் கண் முதலில் அங்கேதான் போனது. ஆய்வின் எடைக்கேற்பப் பெரிதாகும் சதுரத்தைக் கோட்டின் நடுவில் வைக்கும் வழக்கம் 1980களில் வந்தபின் பார்வை பெரிய ஆய்வுகளின் பக்கம் திரும்பியது. எண்கள் மாறவில்லை, வரைந்த விதம் மட்டுமே மாறியது.

வரிசையும் அப்படித்தான். மாரடைப்புக்கான ஸ்ட்ரெப்டோகினேஸ் மருந்து பற்றி 1959 முதல் 1988 வரை 33 சோதனைகள் வெளியாயின. 1992இல் லாவ் குழுவினர் அவற்றை ஆண்டு வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய்ப் பார்த்தனர். 1973ஆம் ஆண்டு வரியிலேயே, 8 சோதனைகள், 2,432 நோயாளிகள் என்ற அளவிலேயே, உயிர் காக்கும் மருந்து என்பது உறுதியாகியிருந்தது. அதன் பிறகு வந்த 25 சோதனைகளில் மேலும் 34,542 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களில் ஒரு பெரும் பகுதியினர் மருந்து தரப்படாத ஒப்பீட்டுப் பிரிவில் இருந்தவர்கள்.

சேர்த்த ஆய்வுகளைப் போலவே விலக்கியவற்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டும் என்பது பிந்தைய வளர்ச்சி. 1999இன் குவோரம் அறிக்கையும் அதன் வழிவந்த 2009இன் பிரிஸ்மா நெறிமுறையும் அதற்கென ஓட்டப்படம் ஒன்றை வகுத்தன. தேடலில் கிடைத்தவை எத்தனை, முழுதாகப் படித்தவை எத்தனை, எந்தக் காரணத்தால் எத்தனை நீக்கப்பட்டன என்பதை அதில் கட்டம் கட்டமாகக் காட்ட வேண்டும்.