இலகு சாளர மேலாளர்களின் பட்டியில் தமிழ்

லினக்சுக் கணினியின் திரையில் சாளரங்களை வரைந்து, நகர்த்தி, மூடும் நிரல் சாளர மேலாளர் எனப்படும். கேடீஈ, குனோம் போன்ற முழுப் பணிச்சூழல்களைத் தாங்கும் நினைவகம் இல்லாத பழைய கணினிகளில் ஓப்பன்பாக்ஸ், ஃபிளக்ஸ்பாக்ஸ் போன்ற சிறிய மேலாளர்கள் தனியாகவே இயங்கும். ஓப்பன்பாக்ஸை மட்டும் நிறுவினால் பணிப்பட்டைகூட இருக்காது. வெற்றுத் திரையில் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தும்போது விரியும் பட்டிதான் கணினிக்கு வாசல். அந்த வாசலில் தமிழ் ஏறிய வரலாறு நேர்க்கோட்டில் அமையவில்லை.

இத்தகைய பட்டிகள் தொடக்கத்தில் கையால் எழுதப்பட்டவை. 1987இல் டாம் லாஸ்ட்ரேஞ்ச் உருவாக்கிய டிடபிள்யூஎம், பட்டியில் தோன்ற வேண்டிய பெயரையும் இயக்க வேண்டிய கட்டளையையும் ஓர் உரைக்கோப்பிலிருந்து படித்தது. அதிலிருந்து கிளைத்த எஃப்விடபிள்யூஎம் (1993), பின்னர் வந்த பிளாக்பாக்ஸ் (1997), அதன் வழிவந்த ஃபிளக்ஸ்பாக்ஸ் (2001), ஓப்பன்பாக்ஸ் (2002) ஆகியவையும் இந்த வழக்கத்தைக் கைவிடவில்லை. புதிய நிரலை நிறுவினால் பட்டியில் அது தானாக வராது. நீக்கினால் அதன் பெயர் செத்த வரியாக அங்கேயே கிடக்கும். டெபியன் வழங்கல் இதற்கொரு பொது முறையை வகுத்தது. ஒவ்வொரு பொதியும் தன்னைப் பற்றி ஒரு சிறு குறிப்பைத் தரும். அக்குறிப்புகளைத் திரட்டி ஒவ்வொரு மேலாளருக்கும் உரிய வடிவில் பட்டி ஆக்கித்தரப்படும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அக்குறிப்பில் நிரலின் தலைப்பை எழுத ஓர் இடமே இருந்தது. அதில் ஆங்கிலமே நின்றது.

மொழிக்கு இடம் கொடுத்தவை பெரிய பணிச்சூழல்களே. கேடீஈயின் முதல் பதிப்பிலேயே ஒவ்வொரு நிரலுக்குமான குறிப்புக் கோப்பில் பெயரைப் பல மொழிகளில், மொழிக்கு ஒரு வரியாக எழுத முடிந்தது. 2000இல் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பு இவ்வடிவத்தை எல்லாப் பணிச்சூழல்களுக்கும் பொதுவாக்கியது. பெயர் வரியில் சதுர அடைப்புக்குள் தமிழின் ஈரெழுத்துக் குறியை இட்டு எதிரே தமிழ்ப் பெயரை எழுதினால் போதும். ழ கணினி, உபுண்டு தமிழ்க் குழுமம் போன்ற தன்னார்வ முயற்சிகளில் மொழிபெயர்த்தவர்களின் உழைப்பு பயனரின் கண்ணில் முதலில் படும் இடங்களுள் இந்த வரியும் ஒன்று.

சிறிய மேலாளர்களின் சிக்கல் எழுத்துருவில் இருந்தது. 1990களின் இறுதியில் புழங்கிய தகுதரம் என்னும் டிஸ்கி குறியாக்கம், எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்தது. 'கொ' என்றால் கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகள் அதே வரிசையில் நிற்கும். 'கு', 'மு' போன்றவற்றுக்குத் தனித்தனி இடங்களும் இருந்தன. ஆகவே குறிகளை இடமிருந்து வலமாக அடுக்க மட்டுமே தெரிந்த எளிய நிரலாலும், உரிய எழுத்துரு இருந்தால், தமிழைப் பிழையின்றிக் காட்ட முடியும். ஒருங்குறியில் ககரம் முதலில் வரும், உயிர்க்குறி பின்னால் வரும். கொம்பை முன்னால் நகர்த்துவது காட்டும் நிரலின் பொறுப்பு. கேடீஈயும் குனோமும் அந்த அறிவைப் பெற்றன. எக்ஸ்எஃப்டி நூலகத்தை மட்டும் நம்பிய ஃபிளக்ஸ்பாக்ஸில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. ஒருங்குறி தமிழுக்குச் செய்த நன்மை பெரிது. எனினும் மலிவான, பழைய கணினி வைத்திருந்தவர் அதற்குச் சில காலம் விலை கொடுத்தார் என்பதும் உண்மை.

ஓப்பன்பாக்ஸின் மூன்றாம் தலைமுறை பாங்கோ நூலகத்தை ஏற்றபோது இக்குறை அங்கு நீங்கியது. ('எல்லாம்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லும், 'மொழி' எனப் பொருள்படும் ஜப்பானியச் சொல்லும் சேர்ந்த பெயர் பாங்கோ.) இதன் பட்டிக்கோப்பு யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் அமைந்த ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. 'இணையம்', 'அலுவலகம்', 'வரைகலை' என்று பெயர்களைத் தமிழில் தட்டச்சு செய்து சேமித்தபின், 'மறுஉள்ளமை' கட்டளையைத் தந்தால் தமிழ்ப் பட்டி விரியும். மொழிபெயர்ப்புக் குழுவின் ஒப்புதலோ அடுத்த பதிப்போ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு பள்ளி ஆசிரியர் தம் மாணவருக்குப் புரியும் சொல்லையே அங்கு வைக்கலாம். ஆனால் இந்தப் பட்டியும் தானாக வளராது. பட்டியைத் திறக்கும்போதெல்லாம் ஒரு சிறு நிரலை ஓட்டி அதன் வெளியீட்டையே பட்டியாகக் காட்டும் குழாய்ப் பட்டி என்னும் வசதி இதற்காகவே உள்ளது. அந்நிரலை எழுதுபவர் ஆங்கிலப் பெயர் வரியை மட்டும் படித்துவிட்டால், தமிழ் வரி கோப்பில் இருந்தும் திரைக்கு வராது.

2006இல் தைவானின் ஹொங் ஜென் யீ தொடங்கிய எல்எக்ஸ்டிஈ, ஓப்பன்பாக்ஸைச் சாளர மேலாளராக வைத்துக்கொண்டு, பொதுக் குறிப்புக் கோப்புகளைப் படிக்கும் பட்டியைப் பலகையில் சேர்த்தது. கணினியின் மொழியைத் தமிழாக அமைத்தால், மொழிபெயர்ப்பு உள்ள பெயர்கள் தமிழிலேயே தோன்றும். பொதுக் குறிப்புக் கோப்பு உள்ள பொதி, பழைய பட்டிக் குறிப்பையும் சேர்த்துத் தரக் கூடாது என 2015 செப்டம்பரில் டெபியனின் தொழில்நுட்பக் குழு முடிவெடுத்தது.

ஓப்பன்பாக்ஸின் 3.6.1 பதிப்பும் அதே 2015இல் வெளியானது. எக்ஸ் சாளர அமைப்பின் இடத்தைப் பிடித்துவரும் வேலண்டில் அது இயங்காது. ஆனால் வேலண்டுக்காக எழுதப்பட்ட லேப்டபிள்யூசி, ஓப்பன்பாக்ஸின் பட்டிக்கோப்பு வடிவத்தையே ஏற்றுக்கொண்டது. 2024 அக்டோபர் முதல் ராசுபெரி பை கணினிகளின் இயல்பான சாளர மேலாளர் அதுவே. கையால் எழுதிய பழைய தமிழ்ப் பட்டிக்கோப்பை அதன் அடைவுக்குப் படியெடுத்து, பெரிதாக எதையும் மாற்றாமல் பயன்படுத்தலாம்.