வட்டாரச் சங்கமும் கழிமுக அறிவியலும்: அமெரிக்க அட்லாண்டிக் கரையின் அனுபவம்

ஆறு கடலோடு கலக்கும் இடத்தை ஆராய்ந்தவர்களுக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சொந்தமாக ஒரு மேடை இருக்கவில்லை. நன்னீர் ஆய்வாளர்கள் பெரும்பாலும் உப்பு தொடங்கும் இடத்தோடு நின்றுகொண்டார்கள். கடலியலாளர்கள் ஆழ்கடலை நோக்கிக் கப்பலேறினார்கள். நடுவில் கிடந்த கழிமுகம் மீன்வளத் துறைகளின் கையில் விடப்பட்டது. சிப்பி எவ்வளவு விளைந்தது, நண்டு எவ்வளவு பிடிபட்டது என்பதே அங்கு முதன்மையான கேள்வியாக இருந்தது. 1949இல் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உருவான அட்லாண்டிக் கழிமுக ஆய்வுச் சங்கம் இந்தக் குறையை நிரப்ப வந்தது. இன்று உலகெங்கும் உறுப்பினர்களைக் கொண்ட கரையோர, கழிமுக ஆய்வுக் கூட்டமைப்பின் வேர்களில் மூத்தது அதுதான்.

சிறு சங்கம் பெரிய கூட்டமைப்பாக வளர்ந்த கதையாக மட்டும் இதைப் பார்த்தால் முக்கியமான ஒன்று விடுபட்டுவிடும். கழிமுகம் என்பதே வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் நீர்நிலை. ஒரு கரையின் ஆற்றுவரத்து, ஓதம், மண், மழைக்காலம் ஆகியவை சேர்ந்துதான் அங்குள்ள கழிமுகத்தின் இயல்பைத் தீர்மானிக்கின்றன. அதை ஆராய வந்த அமைப்பும் வட்டார அமைப்பாகவே பிறந்தது. பெரிதான பிறகும் அந்த உருவத்தை அது கைவிடவில்லை. இந்த அறிவியல் பெற்ற வலிமைக்கு அதுவே முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இரு மாநிலங்களின் ஒரே நீர்

சங்கத்தின் தொடக்ககால ஆய்வுகளில் செசபீக் விரிகுடாவுக்குத் தனி இடம் உண்டு. ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த விரிகுடாவின் சராசரி ஆழம் ஆறேழு மீட்டர்தான். ஆறு மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலுமாகப் பரந்திருக்கும் இதன் நீர்ப்பிடிப்புப் பரப்பு சுமார் 1,66,000 சதுர கிலோமீட்டர். விரிகுடாவுக்கு வரும் நன்னீரில் ஏறக்குறைய பாதியை சஸ்குவஹானா என்ற ஒரே ஆறு கொண்டுவருகிறது. 1880களில், உச்ச விளைச்சல் கண்ட ஆண்டுகளில், மேரிலாந்து மாநிலத்தின் சிப்பி அறுவடை மட்டும் 1.5 கோடி புஷலைத் தொட்டது. பிறகு அது சரிந்துகொண்டே வந்தது.

விரிகுடாவின் வடபாதி மேரிலாந்துக்கு உரியது. தென்பாதி வர்ஜீனியாவுக்கு உரியது. சிப்பிப் படுகைகளுக்காக இரு மாநிலத்து மீனவர்களும் துப்பாக்கி ஏந்திய காலமும் உண்டு. ஆய்வகங்களும் எல்லைக்கோட்டின் இருபுறமும் தனித்தனியே எழுந்தன. மேரிலாந்தின் சாலமன்ஸ் ஊரில் ரெஜினால்ட் ட்ரூயிட் 1925இல் செசபீக் உயிரியல் ஆய்வகத்தைத் தொடங்கினார். வர்ஜீனியாவின் மீன்வள ஆய்வகம் 1940இல் வந்தது. பிற்காலத்தில் அது வர்ஜீனியா கடல் அறிவியல் நிறுவனமாயிற்று. சங்கம் பிறந்த காலத்தையொட்டியே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிரிட்சார்டின் தலைமையில் செசபீக் விரிகுடா ஆய்வு நிறுவனமும் இயங்கத் தொடங்கியது.

மேலே ஆற்று வெள்ளம் வந்தால் கீழே சிப்பி செத்தது. கீழ்ப்படுகையில் பரவிய நோய் மேல்நோக்கி நகர்ந்தது. ஆனால் ஒவ்வோர் ஆய்வகமும் தன் மாநில அரசுக்குத்தான் அறிக்கை எழுதியது. எந்த மாநிலத்துக்கும் கட்டுப்படாத, ஆய்வாளர்களே சேர்ந்து நடத்திய சங்கம் ஒன்று அந்தக் காலகட்டத்தில் என்ன பொருள் பெற்றிருக்கும் என்பதை இந்தப் பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும். ஆண்டுக்கு இருமுறை, வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும், ஏதாவதொரு கரையோர ஊரில் கூடுவது அதன் வழக்கம். உப்பளவை அளந்த இயற்பியலாளரும் லார்வாக்களை எண்ணிய உயிரியலாளரும் ஒரே அறையில் ஒருவர் பேச்சை மற்றவர் கேட்க நேர்ந்தது. பல துறைக் கூட்டுறவு என்று பின்னாளில் பெரிதாகப் பேசப்பட்டது, இங்கே கூட்டம் சிறியது என்பதாலேயே கைகூடியது.

சிப்பி கேட்ட கேள்விக்கு நீரோட்டம் தந்த விடை

அந்தக் கலப்பு என்ன தந்தது என்பதற்கு ஜேம்ஸ் ஆறு நல்ல சான்று. வர்ஜீனியாவின் விதைச் சிப்பிப் படுகைகளில் மிக வளமானவை அந்த ஆற்றில் இருந்தன. சிப்பியின் லார்வாக்கள் இரண்டு மூன்று வாரங்கள் நீரில் மிதந்த பிறகே அடியில் ஒட்டும். ஆறு கடலை நோக்கி ஓடுகிறது என்றால் அவையெல்லாம் கடலுக்கு அடித்துச் செல்லப்பட வேண்டும். ஆனால் ஆண்டுதோறும் ஆற்றின் மேற்பகுதியில் இளஞ்சிப்பிகள் ஒட்டிக்கொண்டே இருந்தன.

1950இல் பிரிட்சார்டின் குழு அங்கே நீரோட்டத்தையும் உப்பளவையும் அடுக்கடுக்காக அளந்தது. ஓதத்தின் ஏற்ற இறக்கத்தைக் கழித்துப் பார்த்தபோது, மேலடுக்கில் உப்பு குறைந்த நீர் கடலை நோக்கியும், கீழடுக்கில் உப்பு மிகுந்த நீர் ஆற்றின் மேற்பகுதியை நோக்கியும் நகர்வது தெரிந்தது. கீழடுக்கு நீர் போகப் போக மேலே கலந்து, மேலடுக்கோடு சேர்ந்து திரும்பியது. கீழே இறங்கிய லார்வாக்கள் ஆற்றுக்குள் போய்ச் சேர்வதற்கான வழி இப்படி விளங்கியது. 1952இல் வெளியான பிரிட்சார்டின் கட்டுரை இந்த ஈரடுக்கு ஓட்டத்தைச் செசபீக் முழுமைக்கும் பொருத்திக் காட்டியது. மீனவரின் தொழிலில் எழுந்த புதிர் ஓர் இயற்பியல் கோட்பாட்டுக்கு இடம் கொடுத்தது. கழிமுக அறிவியலின் வரலாற்றில் இதைவிட அழகான பக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்த பத்தாண்டுகளில் துறை விரைந்து வடிவம் பெற்றது. 1958இல் வெனிஸ் நகரில் கூடிய ஆய்வாளர்கள் உவர்நீரை உப்பளவின்படி வகைப்படுத்தும் முறையை வகுத்தார்கள். 1960இல் சாலமன்ஸ் ஆய்வகத்திலிருந்து 'செசபீக் சயின்ஸ்' என்ற ஆய்விதழ் வரத் தொடங்கியது. 1964இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஜெகில் தீவில் நடந்த கழிமுக மாநாட்டின் கட்டுரைகள், ஜார்ஜ் லாஃப் தொகுத்த பெருந்தொகுதியாக 1967இல் வெளிவந்தன. கரையால் பாதி சூழப்பட்டு, கடலோடு தடையின்றித் தொடர்புகொண்டு, நிலத்திலிருந்து வரும் நன்னீரால் கடல்நீர் அளவிடத்தக்க வகையில் நீர்த்துப்போகும் நீர்நிலையே கழிமுகம் என்ற பிரிட்சார்டின் வரையறை அதில்தான் இடம்பெற்றது. பாடநூல்கள் இன்றும் அதை எடுத்தாள்கின்றன.

கூட்டமைப்பு

1971இல் அட்லாண்டிக் சங்கமும் நியூ இங்கிலாந்து கழிமுக ஆய்வுச் சங்கமும் இணைந்து கழிமுக ஆய்வுக் கூட்டமைப்பை ஏற்படுத்தின. சாலமன்ஸ் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த யூஜின் க்ரோனின் அதன் முதல் தலைவர். அதே ஆண்டில் பிரிட்டனிலும் கழிமுக, உவர்நீர் ஆய்வாளர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். தொழிற்சாலைக் கழிவும் அனல்மின் நிலையங்களின் சுடுநீரும் கழிமுகங்களில் வந்து விழுந்துகொண்டிருந்த காலம் அது. தூய நீர்ச் சட்டமும் கரையோர மண்டல மேலாண்மைச் சட்டமும் 1972இல் அமெரிக்காவில் நிறைவேறின. கழிமுகத்தைப் பற்றி நாடளாவிய குரலில் பேச ஓர் அமைப்பு தேவைப்பட்டது.

வட்டாரச் சங்கங்களைக் கலைத்துவிட்டு ஒரே தேசியச் சங்கமாக்கும் வழியும் இருந்தது. அப்படிச் செய்யவில்லை. வட்டாரச் சங்கங்கள் தங்கள் கூட்டங்களோடும் தனித்தன்மையோடும் நீடித்தன. இரண்டாண்டுக்கு ஒருமுறை எல்லோரும் கூடும் மாநாட்டைக் கூட்டமைப்பு நடத்தியது. பின்னர் தென்கிழக்குக் கரை, மெக்சிகோ வளைகுடா, பசிபிக் கரை, கலிபோர்னியா, கனடாவின் அட்லாண்டிக் கரை ஆகியவற்றின் சங்கங்களும் சேர, இணைச் சங்கங்கள் ஏழாயின.

மாநாட்டுத் தொகுதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் துறையின் சிந்தனை நகர்ந்த பாதை தெரியும். 1973இல் தென் கரோலினாவின் மர்ட்டில் பீச்சில் நடந்த இரண்டாம் மாநாட்டின் கட்டுரைகளைக் க்ரோனின் இரு தொகுதிகளாக 1975இல் கொண்டுவந்தார்: ஒன்றில் வேதியியலும் உயிரியலும், மற்றொன்றில் நிலவியலும் பொறியியலும். துறைகள் அப்போது பக்கம் பக்கமாக நின்றன. 1975இல் கால்வெஸ்டனில் கூடிய மாநாட்டின் தொகுதி கழிமுகத்தில் நிகழும் செயல்முறைகளை மையமாக்கியது. 1983இன் வர்ஜீனியா பீச் மாநாடு ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டது: நிலத்திலிருந்து வருவதைக் கழிமுகம் எவ்வளவு தடுத்து வைத்துக்கொள்கிறது, எவ்வளவைக் கடலுக்கு விடுகிறது? ஜெர்ரி ஷூபல் 1968இலேயே வட செசபீக்கின் கலங்கல் மிகுந்த பகுதியை விவரித்திருந்தார். ஈரடுக்கு ஓட்டம் நுண்மண்ணைத் திரும்பத் திரும்ப உள்ளே கொண்டுவந்து சேர்ப்பதால்தான் அந்தக் கலங்கல். சிப்பி லார்வாவை ஆற்றுக்குள் ஏற்றிய அதே விசை வண்டலையும் அங்கே சிறைப்படுத்தியது. அவரும் உடன் ஆய்வாளர் கார்ட்டரும் 1976, 1984 ஆகிய ஆண்டுகளின் தொகுதிகளில் இந்த ஆய்வைத் தொடர்ந்தார்கள். ஆண்டுக்கு இருமுறை கூடும் வட்டாரக் கூட்டம், இரண்டாண்டுக்கு ஒரு மாநாடு, அதன் தொகுதி என்ற சுழற்சி ஒரு கருத்து முதிர்வதற்கு வேண்டிய கால இடைவெளியைக் கொடுத்தது என்று இதிலிருந்து கருதலாம்.

ஆய்விதழின் கதையும் இதே திசையில் செல்கிறது. பதினெட்டுத் தொகுதிகள் கண்ட 'செசபீக் சயின்ஸ்' 1977உடன் நிறைவுற்று, 1978 முதல் 'எஸ்சுவரீஸ்' என்ற கூட்டமைப்பின் இதழாகத் தொடர்ந்தது. 2006இல் கரையோரங்களையும் தன் பெயரில் சேர்த்துக்கொண்டது. மறு ஆண்டே கூட்டமைப்பும் அவ்வாறே செய்தது. ஒரு வட்டார ஆய்வகம் தான் வளர்த்த இதழைப் பொதுவுக்கு விட்டுக்கொடுத்தது பெருந்தன்மையான செயல். அறிவியல் நிறுவனங்களின் வரலாற்றில் இது அடிக்கடி நிகழ்வதன்று.

வெள்ளமும் வழக்கும்

1972 ஜூன் மாதம் ஆக்னஸ் புயலின் மழை சஸ்குவஹானா பள்ளத்தாக்கில் கொட்டித் தீர்த்தது. கோனோவிங்கோ அணையில் ஆற்றின் உச்ச வரத்து விநாடிக்குச் சுமார் 32,000 கன மீட்டரை எட்டியது. விரிகுடாவின் மேற்பகுதி நன்னீராயிற்று. சிப்பிகளும் மென்னோட்டு மட்டிகளும் பெருமளவில் மடிந்தன. கடற்புல் திட்டுகள் அழிந்தன. எல்லையின் இருபுறத்து ஆய்வகங்களும் ஒரே நேரத்தில் அளவெடுத்தன. அந்த முடிவுகள் கூட்டாகத் தொகுக்கப்பட்டன. ஒருவர் எடுத்த அளவை மற்றவர் நம்புவதற்கான பழக்கம் இரண்டு பத்தாண்டுக் கூட்டங்களில் ஏற்கெனவே வளர்ந்திருந்தது. இந்த இணைப்பை ஆவணம் கொண்டு நிறுவுவது கடினம்; ஆனாலும் சூழல் அதையே சுட்டுகிறது.

மேரிலாந்திலுள்ள பட்டுக்ஸன்ட் ஆற்றின் பிரச்சினை வேறு வகையானது. மேல்நிலைப் புறநகர்களின் கழிவுநீரால் ஆறு கெட்டது என்று கீழ்நிலை மாவட்டங்கள் 1970களின் பிற்பகுதியில் வழக்குத் தொடர்ந்தன. அரசு முகமைகள் பாஸ்பரஸைக் குறைத்தால் போதும் என்றன. ஏரிகளில் அது உண்மை. கழிமுகத்தில் நைட்ரஜனையும் குறைத்தாக வேண்டும் என்று அந்த ஆற்றின் வாயிலேயே இருந்த சாலமன்ஸ் ஆய்வகத்தினர் சொன்னார்கள். 1981 டிசம்பரில் எல்லாத் தரப்பும் கூடிப் பேசியபோது நைட்ரஜனையும் அகற்ற ஒப்புக்கொள்ளப்பட்டது. வழக்காடியதும் வாதாடியதும் சங்கமல்ல. ஆனால் நன்னீர் அறிவியலை அப்படியே கழிமுகத்துக்குப் பொருத்த முடியாது என்று துணிந்து சொல்லும் அறிவுச் சமூகத்தை அது உருவாக்கியிருந்தது. விரிகுடாவைச் சீரமைக்க 1983 டிசம்பரில் கையெழுத்தான முதல் செசபீக் ஒப்பந்தத்துக்கு முந்தைய இந்தப் போராட்டம் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியது.

அந்த அறிவுச் சமூகத்தை வளர்க்க வட்டாரச் சங்கங்கள் செய்யும் அன்றாடப் பணியில் மிகப் பெரியது மாணவர்களைப் பேச வைப்பது. நியூ இங்கிலாந்து சங்கம் சிறந்த முனைவர், முதுகலை மாணவர் உரைக்குத் தரும் பரிசு, வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் பாஸ்ட்விக் கெட்சம் பெயரில் உள்ளது. ஓதத்தால் கழிமுக நீர் எத்தனை நாளில் புதுப்பிக்கப்படுகிறது என்று 1951இல் கணக்கிட்டவர் அவர். கூட்டமைப்பும் தன் இளம் ஆய்வாளர் விருதுக்குக் க்ரோனின் பெயரை வைத்தது.

ஒரு கரையின் வரையறை

பிரிட்சார்டின் வரையறை செசபீக்கில் பிறந்தது. ஆண்டு முழுதும் ஆறு ஓடும், வாய் எப்போதும் திறந்திருக்கும் கழிமுகத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். தென்னாப்பிரிக்கக் கரையில் பல கழிமுகங்களின் வாயை மணல்திட்டு மாதக்கணக்கில் மூடிவிடும். கோடையில் உப்பளவு கடலையும் தாண்டும். கேப் டவுனின் ஜான் டே 1980இல் வரையறையைத் திருத்தினார். நிரந்தரமாகவோ அவ்வப்போதோ கடலுக்குத் திறக்கும் நீர்நிலைகளும், உப்பளவு கடலைவிட மிகும் நிலையும் அதில் இடம்பெற்றன.

தமிழகக் கரைக்கு இந்தத் திருத்தமே நெருக்கமானது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் அமைந்திருப்பதால், அந்தக் கழிமுகம் நாட்டிலேயே மிக நெடுங்காலமாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்றாயிற்று. வடகிழக்குப் பருவமழையில் அங்கே நீர் ஏறக்குறைய நன்னீராகிறது; கோடையில் கடலளவு உப்பேறுகிறது. செசபீக்கில் உப்பளவின் ஏற்றத்தாழ்வை முக்கியமாக இடத்தின் மீது வரைந்து காட்டலாம். வெள்ளாற்றில் அதைக் காலத்தின் மீதும் வரைய வேண்டும். லார்வாக்கள் தங்கும் வழி, வண்டல் சேரும் இடம், நைட்ரஜன் எந்த மாதத்தில் வருகிறது என்பன எல்லாம் அந்தக் கால ஓட்டத்தைப் பொறுத்தே அமைகின்றன. பாலாறு முதல் தாமிரபரணி வரையான முகத்துவாரங்களை இதே அளவுகோலில் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடும் ஆய்வுகள் பெருக வேண்டும்.