சலூன் லைசென்ஸும் எட்டாம் பிரிவும்

சலூனோ பியூட்டி பார்லரோ தொறக்கணும்னா என்னென்ன காகிதம் வேணும்னு கேட்டால், கட்டிடக்காரர் சம்மதம், ஊராட்சியிலோ நகராட்சியிலோ லைசென்ஸ் என்று அடுக்குவார்கள். அந்த லைசென்ஸை எந்தக் குற்றத்துக்காக நீதிமன்றமே பறிக்கலாம் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. தலித்துக்கு முடி வெட்ட மறுத்தால் பறிக்கலாம்.

1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இந்த விஷயம் விவாதத்துக்கு வந்தது. கடை என்றால் எது என்ற கேள்விக்கு அம்பேத்கர் தந்த விளக்கம் விரிவானது: நாடி வருகிற எவருக்கும் சேவை தர உரிமையாளர் தயாராயிருக்கிற இடமெல்லாம் கடைதான். உள்ளே நுழைய விடுவது மட்டுமல்ல, சேவையைக் கேட்டுப் பெறுவதும் அதில் அடக்கம். 1955 தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் இதை வெளிப்படையாகவே எழுதியது. சலவைக்கடையும் முடிதிருத்தும் நிலையமும் கடை. சேவை மறுப்பு 6ஆம் பிரிவில் குற்றம். அதில் தண்டனை பெற்றவரின் லைசென்ஸை ரத்து செய்யவோ நிறுத்தி வைக்கவோ 8ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. பெர்மிட்டும் லைசென்ஸ்தான் என்று விளக்கம் வேறு. 1976ல் இச்சட்டம் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாக, நம்ம ஆட்கள் வாயில் பி.சி.ஆராக, மாறியபோது குறைந்தது ஒரு மாதச் சிறை கட்டாயமானது. அபராதம் 100 முதல் 500 ரூபாய். இன்னமும் அதே 500தான்.

இந்த எட்டாம் பிரிவை யார்மேல் பிரயோகிப்பது?

எங்க பக்கத்துக் கிராமங்களில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெட்டி, அறுப்புக் காலத்தில் களத்து நெல் வாங்கியவரிடம் லைசென்ஸ் ஏது? சேரிக்காரன் தலையில் அந்தக் கத்தி படாது. பல ஊர்களில் நமக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணாரே முடியும் வெட்டினார். நாற்காலியும் கண்ணாடியும் வந்த பிறகுதான் லைசென்ஸ் வந்தது. ஆனால் அது யார் பேரில்? நாவிதர் பேரில். ஊர் வழக்கில் அவருக்குக் 'குடிமகன்' என்று பெயர். அரசியல் சட்டத்தைத் தமிழாக்கியவர்கள் எல்லோருக்கும் கொடுத்த அதே சொல், ஊரில் சாதிக்காரனுக்குக் கட்டுப்பட்டு ஊழியம் செய்பவனைக் குறிக்கிறது! அவருக்கு நிலமில்லை. கடை இருக்கிற கட்டிடம் ஆதிக்க சாதிக்காரனுடையது. நமக்கு வெட்டினால் மறுநாள் சாவியைக் கேட்பான்.

லைசென்ஸை ரத்து செய்தால் நாவிதர் குடும்பம் தெருவுக்கு வரும், மிரட்டியவன் டவுனுக்குப் போய் சவரம் செய்துகொள்வான். அதற்காக நாம டவுனுக்கு பஸ் ஏறிக்கிட்டே இருக்க முடியுமா? முடியாது. நாவிதரும் பாவம்தான் என்று சொல்லி நம்மைப் புகாரே கொடுக்க விடாமல் செய்கிற முற்போக்காளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தோழர்கள் 10ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். தூண்டியவனுக்கும் குற்றம் செய்தவனுக்குரிய அதே தண்டனை. விசாரணையை வேண்டுமென்றே அலட்சியம் செய்கிற அரசு ஊழியரும் தூண்டியவராகவே கருதப்படுவார். சட்டம் இங்கேதான் ஊரை நெருங்குகிறது. போலீஸுக்குக் கடைக்காரன்தான் எளிதில் கிடைக்கிற குற்றவாளி. ஆகவே மனு எழுதும்போதே வரிசையை நாம தீர்மானிக்கணும்.

நாங்கள் எழுதிய ஒரு மனுவில் முதல் எதிரி கட்டிடக்காரர், இரண்டாவது ஊர்க் கூட்டத்தில் கட்டுப்பாடு போட்டவர். நாவிதரைச் சாட்சியாகச் சேர்த்தோம். அவரும் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஸ்டேஷன் எழுத்தர் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைக்காரன் பேரை ஏன் முதலில் எழுதலை என்று கேட்டார். மனுவை மாற்றாமல், ரசீது வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தோம்.