ஆம்ஸ்ட்ராங் வாசிக்க மறுத்த ஊர்

ஜாஸ் கற்க விரும்பும் தோழர்கள் சுரங்களோடு ஓர் ஊரின் வரலாற்றையும் கற்க வேண்டும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள நியூ ஆர்லியன்ஸ்தான் அந்த ஊர். அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே காங்கோ சதுக்கத்தில் கூடி மேளமடித்து ஆடினார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் உருவாக்கிய இசையே ஜாஸ்.

1901இல் அவ்வூரின் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். அவருடைய ட்ரம்பெட் உலகப் புகழ் பெற்றது. அவரது குழுவில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்தே வாசித்தார்கள். 1956இல் லூசியானா அரசு, இரு இனத்தாரும் கலந்து பங்கேற்கும் கேளிக்கை நிகழ்ச்சிகளைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. இசை வேண்டும், இசைப்பவர்கள் சமமாக ஒரே மேடையில் நிற்கக் கூடாது. இந்த நியாயம் நமக்கும் தெரியாததல்ல. ஆம்ஸ்ட்ராங் குழுவைப் பிரிக்கவில்லை. சொந்த ஊரில் வாசிப்பதையே நிறுத்திவிட்டார்.

வெள்ளையரைச் சிரித்து மகிழ்விப்பவர் என்று கறுப்பின இளைஞர்கள் சிலரே அவரை ஏளனம் செய்த காலம் அது. 1957இல் லிட்டில் ராக் நகரில் 9 கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழையாதபடி ஆளுநர் படையை நிறுத்தினார். அப்போது ஆம்ஸ்ட்ராங், அமெரிக்க அரசின் சார்பில் திட்டமிடப்பட்ட சோவியத் பயணத்திலிருந்து விலகினார். குடியரசுத் தலைவர் ஐசனோவரையும் வெளிப்படையாகச் சாடினார்.

1964இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. அதற்கு மறு ஆண்டுதான் அவர் நியூ ஆர்லியன்ஸில் மீண்டும் வாசித்தார். இன்று அவ்வூர் விமான நிலையத்துக்கு அவர் பெயர். அந்தப் பெருமையைச் சொல்லும்போது, அவர் அங்கே வாசிக்காத ஆண்டுகளையும் சேர்த்தே சொல்வோம்.